தம்பியின் பெயர்

1998 நவம்பர் 12, வியாழக்கிழமை. காலைமுதல் ஓயாத மழை. சகாயமேரியின் கால்புண்ணில் இருந்த கிருமியைப் பரிசோதனைக்கூட ஊழியர் நண்பகலில் குழாயிலிருந்த குருதிநீரில் கலந்தார். இந்தக் கிருமிக் குடும்பத்தில் அண்ணன், தம்பி என இரு வகை; நுண்ணோக்கியில் இருவரும் ஒரே திராட்சைக் குலைதான். குருதிநீர் உறைந்தால் கொடிய அண்ணன். உறையாவிட்டால் தோலில் வாழும் சாதுவான தம்பி.

நான்கு மணிக்கு அது உறைந்திருந்தது. அந்த நேரத்தில் பார்க்க வேண்டிய ஊழியரோ மழைக்கு அஞ்சி மூன்றரைக்கே வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் காலைக்குள் உறைந்ததை அண்ணனே கரைத்துவிட்டான். ஊழியர் குழாயைச் சாய்த்துப் பார்த்து, "தோல் கிருமி, மருந்து வேண்டாம்" என்று எழுதினார்.

ஒப்பீட்டுக்காகப் பக்கத்துத் தட்டில் வைக்கப்பட்டிருந்த தம்பி கொதித்தான்.

"என் பெயருக்குள் ஒளிகிறாயே அண்ணா, வெட்கமில்லையா?"

"நானா கேட்டேன்? நேரத்துக்குப் பார்க்காத துரை கொடுத்தார்!"

"அந்தப் பெண்ணின் கால் அழுகிவிடுமே!"

"அழுகட்டும். பழி உனக்குத்தானே, தம்பி?"

"ஐயா, மீண்டும் சோதித்துப் பாருங்கள்!" என்று தம்பி கத்தினான். கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தவருக்கு அது கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள் சகாயமேரியின் கால் முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுக்கப்பட்டது. மறுசோதனையில் குழாயை உரிய நேரத்தில் பார்த்தார்கள், உறைந்திருந்தது. "முதலில் இருந்த தோல் கிருமி, பின்னர்க் கொடியதாக மாறிவிட்டது" என்று அறிக்கை எழுதி, அதே ஊழியர் கையொப்பமிட்டார்.