நானூறு மீட்டர்

ஈசாத் பட்டறைக் கதவை உதைத்துத் திறந்தான்.

"நேத்துதானே என் வண்டிய சர்வீஸ் பண்ணிக் கிழிச்சே? போய்ப் பாரு, உன் லட்சணம் ஏரிக்கரையில நிக்குது."

காப்பி குடித்துக்கொண்டிருந்த வாடிக்கையாளர்களில் ஒருவன் சிரிப்பை மறைக்கக் கோப்பைக்குள் முகத்தை விட்டான். தங்கை ரிஸ்டனுக்குக் காதுவரை சூடேறியது. பனிவண்டி பழுதுபார்ப்பதில் பதினோரு வருடமாகச் சேர்த்த பெயர். கூடப்பிறந்த அண்ணனே போட்டு உடைத்துவிட்டான்.

கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

வழி நெடுக அவன் வாய் ஓயவில்லை. அக்கரையில் அவன் வளர்க்கும் பனிமான்கள் குட்டி போடுகின்றனவாம். சுற்றிப் போனால் மூன்று மணி நேரம், உறைந்த ஏரியின் குறுக்கே இருபது நிமிடம். மே மாதத்தில் இளகும் ஐஸ் தாங்காது என்று ஊரே சொல்லியாயிற்று. அவன் மனைவி மாரெத் அழுதும் பார்த்துவிட்டாள். கேட்டால்தானே?

வண்டி கரைக்குப் பத்தடி இப்பால் நின்றிருந்தது. ஈசாத்துக்கு ஓட்டத்தான் தெரியும். மூடியைத் திறந்து பார்ப்பதெல்லாம் அவன் கௌரவத்துக்குக் குறைச்சல்.

டேங்க் நிறையப் பெட்ரோல் இருந்தது. கார்புரேட்டருக்குப் போகும் டியூபைக் கழற்றிக் கேனுக்குள் பிடித்தாள். நாலு சொட்டு விழுந்தது, அதிலும் பாதி கையுறையில்.

பின்னால் லைட்டர் சொடுக்கும் சத்தம் கேட்டது. திரும்பி, அவன் வாயிலிருந்த சிகரெட்டைப் பனியில் தட்டிவிட்டாள்.

"பெட்ரோல் கையோட நிக்கிறேன். கொளுத்திட்டுப் போகலாம்னு பாக்குறியா?"

அவன் லைட்டரைப் பைக்குள் போட்டுக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றான்.

ஃபில்டர் சுத்தமாக இருந்தது. புது டியூபில் மடிப்பு இல்லை. கையை டேங்குக்கு அடியில் விட்டாள்.

பெட்ரோல் டேப் மூடியிருந்தது.

நேற்று அவளே திறந்து, இரண்டு முறை சரிபார்த்த டேப். எந்தக் கழுதை மூடியது? கத்த வாயெடுத்தவள் நிமிர்ந்தாள். எதிரே கரையோரம் ஐஸ் உருகி மெலிந்து கறுத்துக் கிடந்தது.

அவனை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. டேப்பைத் திறக்காமல் கையை வெளியே எடுத்தாள்.

"என் தப்புதான். கார்புரேட்டர் போச்சு. சாமான் வர பத்து நாளாகும். என் வண்டியில கரையச் சுத்திக் கூட்டிட்டுப் போறேன், வா."

ஊர் பூராவும் சொல்லப்போவதாக மிரட்டினான். சொல்லிக்கொள் என்றாள்.

நேற்று வேலை நடுவே காப்பி கொண்டுவந்த மாரெத் அண்ணி, அந்த டேப்பைக் காட்டி, இதை மூடிவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தாள். கார்புரேட்டரில் மிச்சமிருப்பதை வைத்துக் கொஞ்ச தூரம் ஓடி நின்றுவிடும் என்று சொன்னாள் ரிஸ்டன். எவ்வளவு தூரம் என்று அண்ணி விடவில்லை. ரிஸ்டன் தலையைத் தூக்காமலே, நானூறு மீட்டர் என்றாள்.

திரும்பும்போது ஈசாத் திட்டிக்கொண்டே வந்தான். ரிஸ்டன், வண்டி கிளம்பிய அவன் வீட்டு வாசல்வரை காலடிகளை எண்ணிக்கொண்டே வந்தாள். நானூறு மீட்டர் சரியாக இருந்தது.

அந்தக் கணக்கு, அவள் நேற்று சும்மா வாய்க்கு வந்தபடி சொன்னது.