முழு எண்ணுக்கு முகவரி இல்லை

குனோங் ராபாட் வீட்டின் கூடத்தில் பவித்ரனும் தங்கை தினேஸ்வரியும் பீடோர் ரப்பர் கடைக்கான எடை மென்பொருளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று மணிக்குக் கடைக்காரர் பார்க்க வருகிறார். மரத்தில் உறைந்த ரப்பர் பாலான ஒட்டுப்பாலில் ஈரம் இருக்கும் என்று, முழுக் கிலோவுக்கு மேல் வரும் தசமத்தைக் கழித்துவிடுவது அவர் வழக்கம். கழிக்க வேண்டிய அந்தத் தசமம் மட்டுமே பவித்ரனுக்குத் தேவைப்பட்டது.

கம்பைலர் ஓர் எச்சரிக்கை காட்டியது. எடையை முழு எண், தசமம் என்று இரண்டாகப் பிரிக்கும் கணிதச் சார்புக்கு, முழு எண்ணை எங்கே வைப்பது என்ற முகவரி வெறுமையாகப் போயிருந்தது.

“அண்ணே, ஓட்டுனா மென்பொருள் படுத்துரும்.”

“வெறும் எச்சரிக்கைதான் லா. பாரு!”

ஓட்டினான். படுக்கவில்லை. சோதனைக்கு இணைத்திருந்த தராசில் ஏறி நின்றான். அவன் எடை 71.04 கிலோ. திரையில் 0.04 வந்தது.

“ஓடுது லா, ஓடுது!” கைதட்டிக் குதித்தான்.

“மீதி எழுபத்தொன்னு எங்கண்ணே போச்சு?”

குதித்தவன் இன்னும் தரைக்கு இறங்கவில்லை. தினேஸ்வரி எழுந்து காத்தாடியை நிறுத்தினாள். பிறகு உட்கார்ந்து அந்த வரியில் முகவரி கொடுத்தாள். எச்சரிக்கை மறைந்தது.

“சரியாச்சுண்ணே! திரும்ப தராசுல நில்லு!”

கூரையில் முதுகு உரச, பவித்ரன் சிரித்துக்கொண்டே கீழே தராசை நோக்கிக் காலை நீட்டினான். எட்டவில்லை.