யெல்லேயின் நான்கு நிமிடங்கள்

நெதர்லாந்தின் மூன்று கால்பந்து கிளப்புகளில் பதினான்கு வருடம் மாற்று கோல்கீப்பராக இருந்த யெல்லே, ஒரு ஆட்டத்தில்கூட இறங்கியதில்லை. கையுறையைவிடக் கால்சட்டையின் பின்புறம்தான் சீக்கிரம் தேய்கிறது என்று அவனே சொல்லிச் சிரிப்பான். ஓய்வு பெறும் நாளில் அணி நான்கு கோல் முன்னிலையில் இருந்தது. "போய் நின்னுட்டு வா, போட்டோவுக்காவது ஆகும்" என்று பயிற்சியாளர் கடைசி நான்கு நிமிடத்தைப் பிச்சை போட்டார். எதிரணியோ எப்போது பஸ் ஏறலாம் என்றிருந்தது. கோல் பக்கம் ஒரு பயலும் வரவில்லை. வாழ்நாளில் ஒரே ஒரு பந்தையாவது தடுத்துவிட வேண்டும் என்று தவித்தான் யெல்லே. மூன்றாம் நிமிடம், தடுப்பாட்டக்காரன் தைஸ் இரக்கப்பட்டுப் பந்தை அவனிடம் உருட்டிவிட்டான்.

"இந்தா தாத்தா, ஒரு உதை உதைச்சுக்கோ."

சொந்த அணிக்காரன் காலால் தந்த பந்தைக் கீப்பர் கையால் தொடக்கூடாது என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். யெல்லே குனிந்து, இரண்டு கைகளாலும் அள்ளி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். நடுவரின் விசில் ஒலித்தது. கோலுக்கு எட்டு மீட்டரில் எதிரணிக்கு ஃப்ரீ கிக்.

"லூசாய்யா நீ? ரூல்ஸ்கூட மறந்து போச்சா?" தைஸ் கத்தினான்.

"எல்லாம் ஞாபகம் இருக்குடா. தள்ளி நில்லு" என்றான் யெல்லே, கையுறையை இறுக்கியபடி. "யாரும் குறுக்க நிக்காதீங்க. இப்பதான் ஒருத்தன் என்னைப் பார்த்து அடிக்கப் போறான்."