உள்ளங்கால்

ஜெபக்கனியின் உள்ளங்காலில் வந்த கறுப்பு மச்சம் தோல் புற்றாகித் தொடைவரை ஏறிவிட்டது. டாக்டர் அவளிடமும் கணவன் பாக்கியநாதனிடமும் பொறுமையாகச் சொன்னார். "எதிர்ப்பு அணுக்கள் கட்டியைச் சுத்தி வந்து நிக்குதும்மா. கட்டியைக் கொல்லுற ஜீன் அந்த அணுக்களுக்குள்ளயே இருக்கு, ஆனா பூட்டிக் கிடக்கு. திறக்கத்தான் இந்த மருந்து குடுத்தோம். திறக்கல."

"அவ்வளவு பக்கத்துல வந்துமா சும்மா நிக்குதுவ?" என்று கேட்டாள் ஜெபக்கனி.

வீட்டில் பாக்கியநாதன் அவள் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். தொட்டால் துடித்துவிடுவாள் என்று, உள்ளங்கையைப் புண்ணுக்கு மேலே விரல்கடை தூரத்தில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"வலிச்சா வலிக்கட்டும், தொடுங்களேன் அத்தான்" என்றாள்.

அவன் கை இறங்கவில்லை. அவள்தான் மெல்லக் காலை உயர்த்தினாள்.