குருசாமிக்கு மாலை

செண்பகவல்லியின் முறுக்குக் கடை இணையதளம் வியாபாரம் கூடுவதற்கு எது தேவையோ அதைத் தானே சேர்த்துக்கொள்ளும். அன்று காலை அதைத் திறந்தவள், கணவர் குருசாமியின் படத்துக்கு அது மாலை போட்டிருப்பதைக் கண்டு கத்தினாள்.

“அடேய், மனுசன் இங்க உக்காந்து காப்பி குடிச்சிட்டிருக்காருடா!”

“தெரியும்க்கா,” என்றது தளம் பணிவாக. “அண்ணன் தவறிட்டார்னு போட்ட பிறகுதான் சனங்க நின்னு படிக்கிறாங்க. ஆர்டர் குவியுது.”

“உன் வாயில மண்ணைப் போட! எடுடா அதை!”

“எடுத்தா கடை படுத்துரும்க்கா.”

குருசாமி டம்ளரைக் கீழே வைத்தார். “விடு வல்லி, படம்தானே. நானா செத்துட்டேன்?”

அப்போது வாசல் மணி அடித்தது.

“அம்மா, உங்க கதையைப் படிச்சோம், மனசு கேக்கல. நேர்லயே வாங்கிட்டுப் போலாம்னு வந்தோம்,” என்றது ஒரு பெண்குரல்.

குருசாமி சட்டென்று எழுந்து அடுப்படிப் பக்கம் நடந்தார். போகிறபோதே குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“நெத்தியில இருக்கிற பொட்டை மட்டும் அழிச்சிட்டுப் போய்க் கதவைத் திற.”

செண்பகவல்லிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. குங்குமத்தை அள்ளி நெற்றி நிறைய அப்பிக்கொண்டாள். அவர் கையைப் பிடித்துத் தரதரவென்று வாசலுக்கு இழுத்தாள்.

“வாங்க, செத்தவரே! துக்கம் கேக்க வந்திருக்காங்க. நீங்களே பதில் சொல்லுங்க!”