புலிக்கட்சி, கொரில்லாக்கட்சி

மிருகக்காட்சிசாலையில் புலியைப் பராமரிப்பவரின் கையில் ஆழமான கடி. கூட வந்த கொரில்லா பராமரிப்பாளர் கன்னத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“எது கடிச்சுதுன்னு சொன்னாத்தான் ஊசி போட முடியும். மறைச்சா கை போயிடும்” என்றார் டாக்டர்.

புலிக்காரர் கடிபட்ட கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“புலியா?”

“புலி கடிச்சிருந்தா கை இருக்குமா டாக்டர்? அதோட ஒரு கடிக்குக் கொரில்லாவே தாங்காது” என்றார் புலிக்காரர்.

“கிழிச்சுது! கொரில்லா ஒரு அறை விட்டா உன் புலி சுருண்டு விழும் மச்சான்” என்றார் மற்றவர்.

“அப்போ உங்களை அறைஞ்சது கொரில்லாவா?”

கொரில்லாக்காரர் கன்னத்தை இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டார்.

டாக்டர் காயத்தை விளக்கடியில் திருப்பிப் பார்த்தார். சின்னச் சின்னப் பல்தடங்கள். நடுவில் ஒரு பல்லின் தடம் மட்டும் இல்லை. யோசித்தவர் கொரில்லாக்காரரிடம் திரும்பினார்.

“கையை எடுத்துட்டு வாயைத் திறங்க.”

முன்பல் ஒன்று இல்லை. கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தன.

“நல்லா இருக்குய்யா! புலிக்காரர் அறைஞ்சிருக்கார், கொரில்லாக்காரர் கடிச்சிருக்கார்” என்று ஊசியை எடுத்தார் டாக்டர். “சண்டைன்னு வந்ததும் ரெண்டு பேரும் கட்சி மாறிட்டீங்களே!”