நாலு இன்ச்

விஷாகா தன் அண்ணனைச் சுவரோரமாக நிறுத்தி இரண்டு கைகளையும் விரிக்கச் சொன்னாள்.

சாய்ராமின் ஒரு கை விரல் ஜன்னல் திரையைத் தொட்டது. இன்னொரு கை காலண்டரைத் தட்டிவிட்டது. அமெரிக்காவில், பார்சிப்பனி என்ற ஊரில் எங்கள் அபார்ட்மென்ட் ஹால் அவ்வளவுதான்.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மறுமலர்ச்சிக் கால இத்தாலியைப் பற்றி ஆளுக்கொரு ப்ராஜெக்ட். என் மகள் எடுத்துக்கொண்டது டா வின்சி வரைந்த அந்த மனிதனை. வட்டத்துக்குள்ளும் சதுரத்துக்குள்ளும் கைகால் விரித்து நிற்பானே, அவனேதான். மனிதனின் உயரம் எவ்வளவோ, விரித்த கைகளின் நீளமும் அவ்வளவு. பழைய ரோமாபுரிக்காரர்கள் சொன்ன கணக்கு அது. கோயில் கட்டினாலும் அந்தப் பொருத்தம் வேண்டுமாம்.

பெரியவர்கள் சொன்னார்கள் என்பதற்காக எதையும் நம்பாதீர்கள், வீட்டில் உள்ளவர்களை நிறுத்தி நீங்களே அளந்து பாருங்கள் என்று டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார்.

அளந்தாள். எனக்கு உயரம் அறுபத்தாறு இன்ச், கையும் அறுபத்தாறு. என் மனைவி சாரதாவை முந்தின நாளே அளந்தாயிற்று. கீழ் வீட்டு வெங்கடகிருஷ்ணன் அங்கிள், நாகமணி ஆன்ட்டி என்று ஒருவரையும் விடவில்லை. பதினோரு பேர். அரை இன்ச் முன்னே பின்னே இருந்தாலும் எல்லோரும் அந்தக் கணக்குக்குள் அடங்கினார்கள்.

சாய்ராமுக்கு உயரம் எழுபத்திரண்டு. கை எழுபத்தாறு.

அவன் கை நீளம் எங்களுக்கு ஒன்றும் புதிதில்லை. எந்தக் கடைச் சட்டையும் அவன் மணிக்கட்டு வரை வராது. மேல் ஷெல்ஃபில் ஒளித்துவைத்த முறுக்கு டப்பாவை நாற்காலி போடாமலே எடுத்துவிடுவான். ஊருக்குப் போனால் உறவுக்காரர்கள் ஆஜானுபாகு என்று கன்னத்தை வழிப்பார்கள். ராஜ லட்சணமாம். எனக்கும் உள்ளூரப் பெருமைதான்.

ஆனால் சார்ட்டில் அது அழகாக இல்லை. பதினோரு புள்ளிகள் ஒரே கோட்டில் நிற்க, ஒன்று மட்டும் தனியாக மேலே போய் உட்கார்ந்திருந்தது.

நான் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்தவன். எங்கள் லேபில் முதலில் கோட்டைப் போட்டுவிடுவோம், அப்புறம் அதன்மேல் புள்ளிகளை வைப்போம். ரீடிங் எல்லாம் அதற்கு ஏற்ற மாதிரி தானாக வந்து சேரும். காலேஜே அப்படித்தான் பாஸானது.

"ஒரு ரீடிங் மட்டும் தனியா நிக்குதுன்னா, நீ தப்பா அளந்திருக்கேன்னு அர்த்தம்மா. அட்ஜஸ்ட் பண்ணிடு."

மூன்று தடவை அளந்தேன் என்று இங்கிலீஷில் சண்டை பிடித்தாள். எங்களோடு அவள் பேசுவதெல்லாம் இங்கிலீஷில்தான். டேப்பை எடுத்துக்கொண்டு மறுபடியும் அண்ணனைத் தேடிப் போனாள். அவன் அதற்குள் பாஸ்கெட் பால் பிராக்டீஸுக்குக் கிளம்பிவிட்டான்.

சாரதா பக்கத்து ஊரான எடிசனில் ஒரு கொலுவுக்குப் போயிருந்தாள். அவள் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று எனக்கு அவசரம். நானே ரப்பரை எடுத்தேன். எழுபத்தாறை அழித்து எழுபத்திரண்டு என்று எழுதினேன். புள்ளியைக் கீழே இறக்கினேன். கோடு கண்ணுக்கு நிறைவாக இருந்தது.

விஷாகா அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கலர் பென்சில்களை டப்பாவில் போட்டு மூடினாள்.

முதல் பரிசு கிடைத்தது. நீல ரிப்பனோடு சார்ட்டைப் பிள்ளைகள் ரூமில் ஒட்டிவைத்தோம்.

ஒன்றேகால் வருடம் கழித்து, ஒரு பிராக்டீஸின் நடுவில் சாய்ராம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவனுக்குப் பதினேழு வயது.

இதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக்குழாய் கிழிந்துவிட்டது என்றார் டாக்டர். பிறவியிலேயே இருக்கும் கோளாறாக இருக்கலாமாம். முன்கூட்டியே தெரிந்திருக்காதா என்று சாரதா கேட்டாள். அவர் தயங்கினார். அவள் விடவில்லை.

இந்தக் கோளாறு உள்ளவர்கள் பலர் ஒல்லியாக, நெட்டையாக இருப்பார்கள், கைகளின் நீளம் உயரத்தை மிஞ்சும் என்றார். அளந்து பார்த்துச் சந்தேகப்பட்டால் ஸ்கேன் எடுப்போம். மாத்திரை உண்டு, ஆபரேஷன் உண்டு. விளையாட்டை நிறுத்தச் சொல்வோம்.

சாரதா வேகமாகத் தலையை ஆட்டினாள். அப்படி இருக்கவே முடியாது, மகள் ஸ்கூலுக்காக அவனை அளந்திருக்கிறாள், இரண்டும் ஒரே அளவுதான், சார்ட் இன்னும் வீட்டுச் சுவரில் இருக்கிறது என்றாள்.

டாக்டர் விஷாகாவைப் பார்த்தார். உண்மையைச் சொல்லிவிடுவாள் என்று பயந்தேன். மகன் உள்ளே கிடக்கும்போது எனக்கு வந்த பயம் அதுதான்.

அவள் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு, என்றும் இல்லாத வழக்கமாகத் தமிழில் பேசினாள்.

"நான்தான்மா தப்பா அளந்துட்டேன்."

என்னைக் காப்பாற்ற அவள் அதைச் சொல்லவில்லை. அன்றிலிருந்து அதை நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள், அப்பா சொன்னதால்.

இல்லைம்மா, நீ சரியாகத்தான் அளந்தாய் என்று சொல்ல ஒரு நொடி போதும்.

சாரதா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லவில்லை.